நாலாம் நம்பர் வீட்டு வழி

பத்திரத்தை நான் மூன்று தடவை படித்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை, வக்கீல் ஒரு தடவை. நான்கு எல்லை, தண்ணீர்க் குழாய், இரண்டு பேரி மரம், ஒரு சில்வர் ஓக், எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் சந்துதான் இந்த லைனில் யார் இறந்தாலும் தூக்கிக்கொண்டு போகிற வழி என்று ஒரு வரி மட்டும் இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்தில் நான் சமையலறை கட்டியிருக்க மாட்டேன். வீட்டையே வாங்கியிருக்க மாட்டேன்.

என் பெயர் சாந்தாமணி. சிங்காநல்லூரில் முப்பத்தோரு வருடம் குடித்தனம் பண்ணினவள். எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கிளார்க். வாழ்க்கையில் தான் ஆசைப்பட்டது இரண்டுக்குத்தான், ஒன்று நான், இன்னொன்று குன்னூர் என்பார். முதல் ஆசையில் ஏமாந்த மனிதருக்கு இரண்டாவதையாவது ஒழுங்காகப் பார்த்து வாங்கித் தருவோம் என்று நானே முன்னால் நின்று பார்த்த வீடு இது. சிங்காநல்லூர் வீட்டை விற்று, போன தை மாதம் பால் காய்ச்சிக் குடி வந்தோம்.

ரைட்டர் லைன் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி தன் ரைட்டர்களுக்காக, கணக்கு எழுதுகிறவர்களுக்காக, மலையை வெட்டி ஒரே வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒன்பது வீடுகள். நூற்றிருபது வருடம் ஆகிறது என்கிறார்கள். மேல் ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி இறங்கி வர வேண்டும். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் ஒரு மடக்கு. அந்த மடக்கில் ஒரு ஆள் தோளை ஒடுக்கித்தான் திரும்ப முடியும். பின் சரிவு வழியாக ஏற்றலாம் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பீரோவைக் கழற்றிக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பொருத்தினோம். தேக்குக் கட்டிலின் சட்டத்தை அறுத்துப் பிறகு ஒட்டினோம். கேஸ் சிலிண்டர்காரர் முதல் நாள் மேலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பழைய வரிசை வீடு வாங்குகிறவர்களுக்குப் புரோக்கர் ஓட்டின் அழகைக் காட்டுவார், ஜன்னல் கண்ணாடியைக் காட்டுவார். ஓதம் ஏறிய சுவரில் உப்பு பூப்பதைக் காட்ட மாட்டார். தீக்குச்சி பற்றாது. அப்பளம் மறுநாளே துணி மாதிரி துவண்டு போகும். விடிகாலையில் காட்டெருமை ஒன்று வந்து நம் பீன்ஸ் பந்தலைத் தின்றுவிட்டு, நாம்தான் அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்பது போல முறைக்கும். எல்லாவற்றையும்விட அக்கம்பக்கம். மூன்றாம் நம்பரும் எங்கள் நாலாம் நம்பரும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இந்தப் பக்கம் நான் பாலைப் பொங்க விட்டால், "அடுப்பைக் கொறைங்க சாந்தாம்மா!" என்று அந்தப் பக்கமிருந்து ஜூடித் அக்காவின் குரல் வரும். முதல் வாரம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் குரல் வரவில்லை என்றால் என்னவோ என்று இருக்கும்.

ஜூடித் அக்காவின் கணவர் ஹெர்பர்ட் அண்ணன். தேயிலை ஃபாக்டரியில் இலை காய வைக்கும் டிரையர் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். எழுபத்தைந்து வயதிலும் நிலைப்படியில் குனிந்துதான் வருவார். அப்பளத்தைப் பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேல் மாட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரே சனிக்கிழமை தவறாமல் எங்கள் நிலத்துக்கு வந்து, கிழக்குச் சந்திலும் பின்னால் கீழ் ரோடு வரைக்கும் இறங்கும் சரிவிலும் புல் செதுக்குவார். கேட்டதற்கு, "பாம்பு வருமுங்க" என்றார்.

இதைத்தான் நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். சமவெளியில் அரை அடி நிலத்துக்கு வெட்டுக்குத்து பார்த்து வளர்ந்த புத்தி. அடுத்தவன் நிலத்தில் சும்மா புல் செதுக்குகிறவன் இருக்கிறானா? இன்றைக்குப் புல் செதுக்குவான், நாளைக்கு இது முப்பது வருடமாக என் அனுபவத்தில் இருக்கிறது என்பான். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவரு தங்கமான மனுசன்" என்றார். இவருக்கு யார்தான் தங்கமில்லை? ஊரில் இவர் பித்தளை என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

பழைய சமையலறை கன்னி மூலையில் இருந்தது. அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சிறு குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. அந்தச் சந்து. வாஸ்துவும் ஆச்சு, சந்தை அடைத்த மாதிரியும் ஆச்சு என்று சித்திரையில் வேலையை ஆரம்பித்தேன். "எங்கயும் எடம் விடாதீங்க, செவுத்துக்குச் செவுறு கட்டிருங்க. நாளைக்கு எவனும் வந்து பாத்தியம் பேசக் கூடாது" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

கட்டுகிற ஒரு மாதமும் லைனில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹெர்பர்ட் அண்ணன் மட்டும் ஒருநாள் பின்கதவு நிலையை நட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"கதவை இன்னும் ஒரு அடி அகலமா வெச்சுக்கலாமுங்களே."

"ஏனுங்ணா, ஆனை ஏதாச்சும் வருதுங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் நிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து புல் செதுக்க வரவில்லை. என் கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் திருப்தி. கதவு இரண்டரை அடியோடு நின்றது.

புரட்டாசியில் என் மகள் ஷண்முகப்ரியா வந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நாலாம் மாதம் தங்காமல் போனவள். இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டியதும், குளிர்ந்த இடத்தில் அம்மா கூட இருக்கட்டும் என்று மருமகன் கொண்டுவந்து விட்டார். நாற்பத்திரண்டு படி அவளுக்கு ஆகாது என்று கீழ் ரோட்டில் காரை நிறுத்தி, சரிவுப் பாதையில் மெதுவாகக் கைத்தாங்கலாக ஏற்றி, பின்வாசல் வழியாக உள்ளே கூட்டி வந்தோம். காய்கறி மூட்டை வந்தாலும் அந்த வழிதான். லைனில் வேறு யாரும் அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டார்கள். அடுத்தவர் கொல்லையை மிதிக்காத மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மகள் ஏறி வருவதை அவரவர் பின் ஜன்னலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். கண் வைக்கிறார்களோ என்று, உள்ளே வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

ஐப்பசி முடிய நாலு நாள் இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் ஜூடித் அக்கா, "ஹெர்பி" என்று கூப்பிட்டது கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்ட விதத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஹெர்பர்ட் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். பக்கத்தில் டீ ஆறிக்கிடந்தது. ஜூடித் அக்கா அழவில்லை. "கண்ணாடியைக் கழட்டி வைங்க சாந்தாம்மா, எனக்குக் கை நடுங்குது" என்றார். நான்தான் கழற்றி வைத்தேன்.

குழந்தைகள் இல்லாத வீடு. எருமாடு என்கிற ஊரிலிருந்து ஹெர்பர்ட் அண்ணனின் மூத்த சகோதரர் மகன் பெனிஸ் வந்து எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணினான். மூன்று மணிக்குச் சர்ச். வந்தவர்களுக்கு எல்லாம் நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. ஆறேகால் அடிப் பெட்டி. வெறும் பெட்டியையே மடக்கில் நேராக நிமிர்த்தித்தான் இறக்கினார்கள். மேலே பாசி பிடித்த படியில் ஒருவன் வழுக்கி, முட்டியைப் பேர்த்துக்கொண்டான். அப்புறம் பெனிஸும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து மடக்கை அளந்தார்கள். பிறகு ஒருவன் உள்ளே போய் இரண்டு வேட்டி கொண்டுவந்து கிழித்தான்.

"எதுக்குப்பா வேட்டியக் கிழிக்கிற?" என்றேன்.

பெனிஸ் என்னைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி" என்றான்.

எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் ஆகாது. "இதுக்கு முன்னால இந்த லைன்ல யாருமே சாகலியா? அவங்களையெல்லாம் எப்பிடித்தான் கொண்டு போனீங்க?"

ஒன்பதாம் நம்பர் மூக்கம்மாதான் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டு, கொழுந்து எடுத்தே மகனைப் படிக்க வைத்த மனுசி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீங்க புதுசாக் கட்டுன குசினி நிக்குதில்ல, அதான் பாதை" என்றார். "மத்த ஊட்டுக்கெல்லாம் பின்னால இருவதடிச் செவுறு, இறங்க வழியில்ல. நூறு வருசமா இந்த லைன்ல செத்தவக எல்லாரும் நாலாம் நம்பர்ச் சந்துல இறங்கித்தான் கீழ் ரோட்டுக்குப் போனாக. என் வீட்டுக்காரரும் அப்பிடித்தான் போனாரு. அது செத்தவக பாதை. உசுரோட இருக்கிற நாங்க வேற எதுக்கும் மிதிக்கிறதில்ல."

"அப்ப ஹெர்பர்ட் அண்ணன் புல்லுச் செதுக்குனது?" என்றேன்.

"தூக்கிட்டுப் போறவக கால் வழுக்கக் கூடாதுன்னுதான். அவங்க அப்பா காலத்துல இருந்து அவங்க வீட்டு வேலை அது."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். "இத்தனை பேரு நின்னு பாத்தீங்களே, ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் மூக்கம்மா. "ஆசையா வாங்கி, பால் காச்சிக் குடி வந்திருக்கீக. வாழ வந்தவககிட்ட, உங்க வீட்டுப் பக்கம் பொணம் போகும்னு எந்த வாயால சொல்லுறது? எல்லாரும் ஹெர்பர்ட் ஐயாகிட்டதான் போயிச் சொல்லச் சொன்னோம். அவரு, நாம சாகுறப்பப் பாத்துக்கலாம் விடுங்கன்னுட்டாரு. உங்க மக அந்தப் பாதையில ஏறி வந்த அன்னிக்கு ஜூடித்து ராத்திரி முச்சூடும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுச்சு. புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட அன்றைக்கு!

வேட்டி எதற்கு என்று அப்புறம்தான் புரிந்தது. படியில் ஏற்றும்போது மடக்கில் பெட்டியை நிமிர்த்த வேண்டும். உள்ளே இருக்கிறவர் சரியாமல் இருக்கக் கட்ட வேண்டும். ஹெர்பர்ட் அண்ணனை நெஞ்சிலும் முழங்காலிலும் கட்டி, நிற்க வைத்து, மூட்டையைப் போலத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். என் சமையலறையால்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. எங்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்து, ஹாலைக் கடந்து, சமையலறை வழியாகப் பின்வாசலில் இறங்கலாம். எப்படிக் கொண்டுவர விடுவது? எங்கள் பக்கம் வெளியூரில் இறந்தவரைச் சொந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டார்கள். வாசலில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்துவார்கள். என் சொந்தச் சித்தப்பாவை அப்படித்தான் கிடத்தினார்கள். இது இன்னொரு வீட்டுப் பிணம். அடுப்பு எரிகிற இடம். அதுவும் ஏழாம் மாதப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு. அவளை வெளியே எங்கேயும் அனுப்பவும் முடியாது, மழையில் படி ஏறக் கூடாது, பின் சரிவோ சேறு.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார்.

"நீ சொல்றதுதான் சாந்தா. உன்ற சமையலறை."

"ஆமா, நல்லதுன்னா உங்க ஊடு, கெட்டதுன்னா என்ற சமையலறை" என்றேன். அவர் மேல் பாய்ந்து என்ன பயன்? கட்டினது நான். எதற்காகக் கட்டினேன் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

மகள் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவர் அவ்வளவு மெல்லிசு, அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"ப்ரியா, நீ பயப்படாத கண்ணு. நான் ஒண்ணும் சம்மதிக்கல. எனக்கு உன்னைய விட யாரும் பெருசில்ல."

அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பயமாத்தாம்மா இருக்குது" என்றாள். "ஆனா முன்னால ரெண்டு தடவையும் நம்மூட்டுக்குள்ள எந்தப் பொணமும் வரலியேம்மா."

அந்த இரண்டு தடவையும் நான் போகாத கோயில் இல்லை, பார்க்காத நாள் நட்சத்திரம் இல்லை. அவளை உச்சந்தலையில் தொட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். அரை வேக்காட்டுப் பருப்பைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினேன்.

மூன்றாம் நம்பரில் பாதிரியார் ஜெபம் முடித்திருந்தார். பெனிஸ் கிழித்த வேட்டியோடு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தான்.

"கட்டாதப்பா" என்றேன். "அக்கா, எங்கூட்டு வழியாக் கொண்டு போங்க. முன்வாசலத் தொறந்து வெச்சிருக்கறேன்."

ஜூடித் அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாமுங்க சாந்தாம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற ஊடு. அவரே ஒத்துக்க மாட்டாரு. படியில கொண்டு போயிரலாம். எல்லாம் முடிஞ்சுபோச்சு, நின்னுக்கிட்டுப் போனா என்ன, படுத்துக்கிட்டுப் போனா என்ன?"

அதை அவர் சொன்ன விதம் என்னால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால், நீ வழியை அடைத்தவள் என்று நாலு பேர் நடுவில் என்னைக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"அவரு நின்னுட்டுப் போகக் கூடாது" என்று கத்தினேன். சாவு வீட்டில் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் போகக் கூடாது. எம் மக சம்மதிச்சுட்டா. தூக்குங்கப்பா!"

தூக்கினார்கள். ஆறு பேர். எங்கள் வாசலில் ஒரு நிமிடம் தயங்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்க, வாங்க" என்றார், விருந்தாளியைக் கூப்பிடுவது போல. வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாலில் ஒரு மாதிரி திருப்பிவிட்டார்கள். சமையலறைதான் சிக்கல். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஆறு பேர் நிற்க இடமில்லை. நான் ஒரு அங்குலம் விடாமல் கட்ட வைத்த சுவர். நாலு பேர் ஹால் வழியாகத் திரும்பி ஓடி, அடுத்த வீட்டுக் கொல்லைச் சுவரேறிக் குதித்துப் பின்பக்கம் வர வேண்டியிருந்தது. அதுவரைக்கும் பெட்டியை வைக்க இடமில்லாமல், பெனிஸ் என்னைப் பார்த்தான்.

"மேடை மேல வை" என்றேன்.

என் கருங்கல் மேடையில், அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஹெர்பர்ட் அண்ணன் படுத்திருந்தார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். ஓட்டில் மழைச் சத்தம் மட்டும். பிறகு வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள். பின்கதவு இரண்டரை அடி. பெட்டிக்கு மட்டும்தான் இடம், இரண்டு பக்கமும் ஆள் நிற்க முடியாது. கால்மாட்டை வெளியே இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். தலைமாட்டில் பெனிஸும் இன்னொருவனும் மட்டும். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்தேன். எங்கள் ஜாதியில் பெண்கள் பாடை தொடுவதில்லை. மரம் ஈரமாக இருந்தது. அந்தக் கனம் மெதுவாக என் கையைவிட்டு வெளியே நகர்ந்தது. போய்விட்டது.

சரிவில் இரண்டு இடத்தில் கால் வழுக்கியது. சித்திரைக்குப் பிறகு யாரும் செதுக்காத புல். எங்கள் வீட்டுக்காரர் முன்னால் போய் மண்வெட்டியால் வெட்டி வெட்டி வழி பண்ணிக் கொடுத்தார். நான் பின்வாசலில் நின்று கீழ் ரோட்டில் வண்டி மறைகிறவரைக்கும் பார்த்தேன். ஹெர்பர்ட் அண்ணனுக்காக அப்போதுதான் அழுதேன்.

சமையலறையைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது மூக்கம்மா வாசலில் நின்றார்.

"இன்னிக்கு நாலாம் நம்பர்ல அடுப்பு எரியாது" என்றார். "எந்த வீட்டுல செத்தாலும் நாலாம் நம்பரும் சாவு வீடுதான். லைன்ல இருந்து சாவு வீட்டுக்குச் சோறு வரும். வந்ததுல பாதிய அந்த வீட்டுக்காரங்க இங்க கொண்டாந்து தரணும். அது முறை."

சரி என்று உட்கார்ந்தேன். ப்ரியா அறையைவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வயிற்றில் அசைவு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவளாகவே, "ஒதைக்குதும்மா" என்றாள். பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிறந்து, அழுகைச் சத்தம் காதில் விழுகிறவரைக்கும் அது எனக்குள் இருக்கத்தான் செய்யும்.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். ஜூடித் அக்கா. வெள்ளைச் சேலை, மேலே ஸ்வெட்டர், கையில் துணி போட்டு மூடிய தூக்குப் பாத்திரம். படிக்குக் கீழே தூறலில் நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினார்.

"உள்ள வாங்கக்கா."

"இல்லீங்க. இன்னிக்கு நான் வரக் கூடாது. பொண்ணுக்குக் கொழந்த பொறக்கட்டும், அப்புறம் வர்றேன். இதை மட்டும் வாங்கிக்குங்க."

காலையில் புருசனைப் பறிகொடுத்தவர், என் மகளுக்கு ஆகாது என்று மழையில் நிற்கிறார். எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணுமே வாயத் தொறந்து சொல்லாம, தூரமா நின்னு நின்னே என்னைக் கொன்னு போடுவீங்களாட்ட இருக்குது, இந்த லைன்ல எல்லாரும்" என்றேன். "நனையாதீங்க, வாங்க உள்ள." பாத்திரத்தோடு சேர்த்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஒல்லிக் கை. எலும்புதான் தட்டுப்பட்டது.

சமையலறையில்தான் உட்கார்ந்தோம். ப்ரியா நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜூடித் அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் வெச்சாங்களா?"

"இங்கதானுங்க."

உள்ளங்கையை அந்தக் கல்லின் மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் புதைத்துவிடலாம் என்று நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, வாஸ்து எல்லாம் சும்மா பேச்சுக்குங்க. அண்ணன் எங்க நெலத்து மேல கண்ணு வெச்சிருக்காருன்னு நெனச்சுத்தான் இதைக் கட்டினேன். அவரு வரக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

ஜூடித் அக்கா கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அவருக்குத் தெரியுமுங்க" என்றார். "நீங்க மேஸ்திரிகிட்டச் சொன்னது எங்க ரெண்டு பேருக்கும் செவுத்துல கேட்டுச்சு."

பிறகு தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, எங்கள் மூன்று பேர் தட்டிலும் சோற்றைப் போட்டார்.